நகைக்கடனா, முத்ராவா, மானியக் கடனா? சிறு தொழில் தொடங்குகிறவருக்கு ஓர் ஒப்பீடு

சொந்தத் தொழில் தொடங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: "வீட்டில் நகை இருக்கிறது. வங்கியில் வைத்தால் அடுத்த வாரமே மெஷின் வாங்கிவிடலாம். மானியக் கடனுக்குப் போனால் மாதக்கணக்கில் அலைய வேண்டும் என்கிறார்கள். எதைச் செய்வது?"

இதில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், அதாவது பி.எம்.இ.ஜி.பி., புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டுமே மானியம் தருகிறது. நகையை வைத்து மெஷின் வாங்கி, தொழிலைப் பதிவும் செய்துவிட்டால் நீங்கள் "ஏற்கெனவே நடக்கும் தொழில்" என்ற கணக்கில் போய்விடுவீர்கள். அப்புறம் அந்த மானியத்தைக் கேட்க முடியாது. அவசரப்பட்டு எடுத்த ஒரு முடிவு லட்சக்கணக்கான ரூபாயை இப்படிக் கைநழுவ விடும். ஆகவே எது நல்ல கடன் என்று கேட்பதற்கு முன்னால், எதை முதலில் தொடுவது என்று கேட்க வேண்டும்.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். ஊராட்சிப் பகுதியில் ஒரு பெண் மரச்செக்கு எண்ணெய் ஆட்டித் தர நினைக்கிறார். மொத்தச் செலவு 8 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செக்கு, மோட்டார், வடிகட்டும் சாதனங்களுக்கு 4 லட்சம். ஷெட், வயரிங், மும்முனை மின் இணைப்புக்கு ஒன்றரை லட்சம். நிலக்கடலை, எள், கொப்பரை வாங்க இரண்டரை லட்சம். தொகைகள் உதாரணத்துக்காகச் சொன்னவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

வட்டி எவ்வளவு என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதோடு இன்னும் நான்கு கேள்விகள் இருக்கின்றன.

பணம் எப்போது கைக்கு வரும்? திருப்பிக் கட்ட வேண்டியது எப்போது, எந்த வடிவத்தில்: மாதத் தவணையா, ஆண்டு முடிவில் மொத்தமாகவா, தினமுமா? வியாபாரம் படுத்தால் எதை இழப்போம்? இந்தக் கடனை ஒழுங்காகக் கட்டினால் அடுத்த ஆண்டு இன்னும் பெரிய தொகை கிடைக்க அது உதவுமா?

நான்காவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். தொழிலைத் தொடங்குவதற்கு ஒரு பணம் போதும். நடத்துவதற்குப் பணம் திரும்பத் திரும்ப வேண்டும். செக்குக்குப் போடும் 4 லட்சம் ஒருமுறைச் செலவு, ஐந்து ஆண்டில் மெதுவாக மீளும். கடலைக்குப் போடும் இரண்டரை லட்சம் எண்ணெயாகி, பிண்ணாக்காகி, விற்றுக் கைக்கு வந்து மறுபடி கடலைக்கே போகும். அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விலை இறங்கும்போது மொத்தமாக வாங்கக் கையில் பணம் இல்லாதவர், ஆண்டு முழுதும் சில்லறை விலையில் வாங்கி ஆட்ட வேண்டும். அவருக்கு லாபம் நிற்காது. புதிய தொழில்கள் பல, மெஷின் இருந்தும் சரக்கு வாங்கப் பணம் இல்லாமல்தான் நின்றுபோகின்றன. மெஷினுக்கு நீண்ட காலக் கடன், சரக்குக்குச் சுழலும் கடன். கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் இந்தக் கண்ணோடு பாருங்கள்.

## கையிருப்பும் உறவினர் கடனும்

வட்டியில்லாப் பணம், உடனே கிடைக்கும். தொழில் கடன்களுக்கு வங்கிகள் பெரும்பாலும் சொந்தப் பங்கு கேட்கும் என்பதால் கையிருப்பு எப்படியும் வேண்டும். அதை முழுவதும் ஷெட்டுக்கும் பெயர்ப் பலகைக்கும் கொட்டிவிடாதீர்கள். ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியே ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத்தான் முதல் என்று எண்ண வேண்டும்.

மாமாவிடமோ மச்சானிடமோ வாங்கும் பணத்தின் மறைந்த விலை வேறு விதமானது. அவர் வீட்டில் கல்யாணம் வைத்தால் அந்த மாதமே பணம் வேண்டும், உங்கள் கடலை அப்போது மூட்டையில் இருக்கும். வாங்கும்போதே எப்போது, எத்தனை தவணையில் தருவேன் என்று எழுதிக் கொடுத்துவிடுவது உறவுக்கும் நல்லது. இன்னொன்று: வருமான வரிச் சட்டப்படி 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது. வங்கிக் கணக்கு வழியாகவே வாங்குங்கள். நாளை வங்கி மேலாளர் "சொந்தப் பங்கு எங்கிருந்து வந்தது" என்று கேட்டால் காட்டவும் அது உதவும்.

## நகைக்கடன்

வேகத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. காலையில் போனால் மதியத்துக்குள் பணம். சிபில் மதிப்பெண் (பழைய கடன்களை எப்படிக் கட்டினோம் என்பதைக் காட்டும் மதிப்பெண்) சரியில்லாதவருக்கும் கிடைக்கும், திட்ட அறிக்கையும் தேவையில்லை. வங்கிகளில் வட்டி ஆண்டுக்கு 9, 10 சதவீதத்தைச் சுற்றி இருக்கும். நகைக்கடன் நிறுவனங்களில் அதைவிடக் கூடுதல். ஊர் அடகுக் கடைக்காரர் "ரெண்டு வட்டிதான்" என்பார். அது மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு, ஆண்டுக்கு 24 சதவீதம். வங்கியின் 10-ஐயும் அடகுக் கடையின் 2-ஐயும் அப்படியே ஒப்பிட்டு ஏமாறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்பதற்கும் வரம்பு உண்டு. நகை மதிப்பில் 75 சதவீதம் என்று நீண்ட நாள் இருந்தது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நெறிமுறை, 2026 ஏப்ரல் 1 முதல் இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு 85 சதவீதம், 5 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் என்று வகுத்தது.

நகைக்கடனின் உண்மையான ஆபத்து அதன் வசதியிலேயே இருக்கிறது. மாதத் தவணை கிடையாது, ஆண்டு முடிவில் கட்டினால் போதும். அந்த முடிவில் பெரும்பாலோர் வட்டியை மட்டும் கட்டி நகையை மாற்றி வைக்கிறார்கள். 5 லட்சத்துக்கு 10 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 50,000. நான்கு ஆண்டில் 2 லட்சம் கட்டியிருப்பீர்கள், அசல் 5 லட்சம் அப்படியே நிற்கும். வட்டியும் கட்ட முடியாமல் போனால் ஏலம். வீட்டில் அந்த நகை பெரும்பாலும் மனைவியுடையது, அல்லது மகளுக்காகச் சேர்த்தது. அதை வைப்பதா வேண்டாமா என்பதில் கடைசிச் சொல் அவர்களுடையதாக இருக்க வேண்டும். "தொழில் ஓடினால் மீட்டுவிடலாம்" என்று ஒருவர் மட்டும் தீர்மானிப்பது சரியில்லை.

ஆனால் நகைக்கடன் மிகப் பொருத்தமாக அமையும் ஓர் இடமும் உண்டு. அறுவடை மாதத்தில் கடலையை மொத்தமாக வாங்கி, மூன்று நான்கு மாதத்தில் எண்ணெயாக விற்று முடித்து மீட்டுவிடுவது. போன பணம் எப்போது திரும்பி வரும் என்று தெரிந்த செலவுக்கு நகை வைக்கலாம். செக்கு வாங்க வைத்தால் அது ஐந்து ஆண்டுக்கு வீடு திரும்பாது.

## முத்ரா

சிறு தொழில்களுக்கு வங்கிகள் வழியாகக் கடன் தர மத்திய அரசு 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கிய திட்டம். சிசு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. தருண் கடனை வாங்கி ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரை தருண் பிளஸ் என்று 2024-இல் சேர்த்தார்கள். அடமானம் கேட்கக் கூடாது. உற்பத்தி, சேவை, கடை வியாபாரம் மூன்றுக்கும் உண்டு.

முத்ரா என்றாலே மானியம் என்று நினைத்து வருபவர்கள் பலர். இதில் மானியம் கிடையாது. முழுத் தொகையையும் வட்டியோடு கட்ட வேண்டும், வட்டியை அந்தந்த வங்கிதான் நிர்ணயிக்கிறது. 5 லட்சத்தை 11 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 10,870 ரூபாய், மொத்த வட்டி ஒன்றரை லட்சத்தைச் சற்றே தாண்டும். நகைக்கடனைவிட வட்டி விகிதம் கூடுதல்தான். ஆனால் ஐந்தாம் ஆண்டு முடிவில் கடன் இருக்காது.

பலருக்குத் தெரியாத ஒரு வசதி இதில் இருக்கிறது. முழுவதையும் தவணைக் கடனாக வாங்க வேண்டியதில்லை. மெஷினுக்கு ஒரு பகுதியைத் தவணைக் கடனாகவும், சரக்குக்கு ஒரு பகுதியை ஓவர்டிராஃப்ட் அல்லது கேஷ் கிரெடிட்டாகவும் கேட்கலாம். ஓவர்டிராஃப்டில் எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டுமே வட்டி. எண்ணெய் விற்ற பணத்தை அதில் கட்டிவிட்டு அடுத்த கடலைக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். நாமாகக் கேட்காவிட்டால் கிளையில் யாரும் இதைச் சொல்லப்போவதில்லை.

மறைந்த செலவு என்றால் அலைச்சல். "வீட்டுப் பத்திரம் இருக்கிறதா" என்று சில கிளைகளில் கேட்கத்தான் செய்கிறார்கள். குறுந்தொழில், சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரையான கடனுக்கு (2026 ஏப்ரல் 1 முதல் 20 லட்சம்) அடமானம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதைப் பணிவாக, ஆனால் தயங்காமல் சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முத்ரா கடன் ஒப்புதலாகிவிட்டது, செயல்முறைக் கட்டணம் அனுப்புங்கள் என்று போனில் வரும் கடிதங்கள் மோசடி. முத்ரா நிறுவனம் யாருக்கும் நேரடியாகக் கடன் தருவதில்லை.

## மானியத்தோடு வரும் கடன்

பி.எம்.இ.ஜி.பி. 2008-இல் தொடங்கியது. கதர் ஆணையம், கதர் வாரியம், மாவட்டத் தொழில் மையம் ஆகியவை நடத்துகின்றன. உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பீடு போகலாம். பொதுப்பிரிவினருக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீத மானியம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள் போன்ற சிறப்புப் பிரிவினருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். நம் மாநிலத்தில் பலர் மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தும் பொதுப்பிரிவில் விண்ணப்பித்து 10 சதவீதத்தை இழக்கிறார்கள். சான்றிதழை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இவை 2025-26 வரையான காலத்துக்கு வகுத்த விதிகள். விண்ணப்பிக்கும் நாளில் நடப்பு விதியை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.

நம் செக்குக் கணக்குக்கு வருவோம். கிராமத்தில் ஒரு பெண், 8 லட்சம். சொந்தப் பங்கு 5 சதவீதம், 40,000. மானியம் 35 சதவீதம், 2 லட்சத்து 80 ஆயிரம். மீதி 4 லட்சத்து 80 ஆயிரம்தான் அவர் உண்மையில் தாங்கும் கடன்.

ஆனால் மானியம் கையில் தருகிற பணம் கிடையாது. அது வங்கியில் அவர் பெயரில் மூன்று ஆண்டு வைப்புத்தொகையாகப் பூட்டிவைக்கப்படும். அந்த வைப்புக்கு வட்டி இல்லை, அதே அளவு கடனுக்கும் வட்டி போடக் கூடாது. மூன்று ஆண்டு முடிந்து, தொழில் நடக்கிறதா என்று நேரில் வந்து பார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள். இடையில் தொழில் மூடினால் மானியம் திரும்பிப் போகும், முழுக் கடனும் தலையில் விழும். வட்டி போட்டிருக்கிறார்களா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கை வாங்கிப் பாருங்கள்.

வேறு கட்டுப்பாடுகளும் உண்டு. கொட்டேஷன் கொடுத்த விற்பனையாளருக்கே வங்கி பணம் அனுப்பும். பாதி விலைக்குப் பழைய செக்கு கிடைத்தாலும் இதில் வாங்க இயலாது. நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்க்க முடியாது. ஒரு குடும்பத்துக்கு ஒரு கடன்தான். தொழில்முனைவோர் பயிற்சி கட்டாயம். விண்ணப்பம், நேர்காணல், வங்கி ஒப்புதல், பயிற்சி என்று எல்லாம் முடிய மாதங்கள் ஓடும். அதற்குள் ஷெட்டை வாடகைக்கு எடுத்துவிட்டால் ஓடாத செக்குக்கு வாடகை கட்டுவீர்கள். இடத்துக்கு ஒப்புதல் கடிதம் மட்டும் வாங்கி வைத்துவிட்டு, கடன் ஒப்புதல் வந்த பிறகு முன்பணம் கொடுப்பது நல்லது.

"மானியம் வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கொடுங்கள்" என்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. மானியத்தைப் பெரிதாக்க மெஷின் விலையை ஏற்றிக் கொட்டேஷன் வாங்கலாம் என்பதும் அவர்கள் சொல்வதுதான். ஏற்றிய விலைக்கும் கடன் கட்டப்போவது நீங்கள்.

மாநில அரசின் திட்டங்களையும் சேர்த்துப் பாருங்கள். வேலையற்ற இளைஞர்களுக்கான யு.ஒய்.இ.ஜி.பி. திட்டத்தில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். 25 சதவீதம், உச்சமாக 3.75 லட்சம் மானியம், வியாபாரத்துக்கும் உண்டு. ஆகவே மளிகைக் கடைக்கு இதுவே முதலில் பார்க்க வேண்டியது. 10 லட்சம் முதல் 5 கோடி வரை யோசிக்கும் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு நீட்ஸ்: 25 சதவீத மானியத்தோடு 3 சதவீத வட்டிச் சலுகை. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்தான் எல்லாவற்றிலும் தாராளமானது: 35 சதவீத மானியம், 6 சதவீத வட்டிச் சலுகை. தகுதி உள்ளவர் அதை விட்டுவிட்டு வேறு எதற்கும் போக வேண்டாம். கைவினைஞர்களில் 35 வயதைக் கடந்தவர்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும், 50,000 வரை மானியமும் உண்டு.

## சீட்டு

5 லட்சம் சீட்டு, 25 பேர், மாதம் 20,000. நான்காம் மாதமே பணம் வேண்டும் என்று 30 சதவீதம் தள்ளி எடுத்தால் கைக்கு வருவது மூன்றரை லட்சம். மீதி 21 மாதமும் கட்டியாக வேண்டும். சட்டப்படி நடத்துநர் 7 சதவீதம் வரை கமிஷன் எடுக்கலாம், அது 35,000. மிச்சம் 1,15,000 எல்லோருக்கும் கழிவாகப் பிரிந்து ஆளுக்கு 4,600 வரும். எடுத்தவருக்கு ஜாமீனும் கேட்பார்கள்.

தொடங்கும் பணத்துக்குச் சீட்டு விலை அதிகம். ஓடும் தொழிலில் இரண்டாவது செக்குக்குச் சேர்க்க நல்ல வழி: பின்மாதங்களில் எடுத்தால் தள்ளுபடி குறைவு, கழிவு லாபம். பதிவுத்துறையில் பதிவு செய்த சீட்டுதானா என்று பதிவெண்ணைக் கேட்டுவிட்டுச் சேருங்கள். பதிவில்லாத சீட்டு முறிந்தால் பணத்தை மீட்கப் போராட வேண்டியிருக்கும்.

## தண்டல்

10,000 எழுதி 8,500 கையில் தருவார்கள், தினம் 100 வீதம் 100 நாள். பதினைந்து சதவீதம்தானே என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி 120 சதவீதம் வருகிறது. தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாவற்றையும் 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் தடை செய்திருக்கிறது. காலையில் காய் வாங்கி மாலைக்குள் விற்றுவிடும் தள்ளுவண்டிக்காரருக்கு இது தாங்குவதுபோலத் தெரியும், உழைப்பின் லாபம் முழுதும் அதில் போய்விடும். சாலையோர வியாபாரிகளுக்கு பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் முதல் தவணையாக 15,000 வரை கிடைக்கிறது. உள்ளாட்சியில் வியாபாரி அடையாள அட்டை வாங்கி அதற்கு மாறிவிடுங்கள். எந்தச் சூழலுக்கும் தண்டலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| வழி | கைக்கு வரும் காலம் | மறைந்த செலவு | நட்டமானால் போவது | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| கையிருப்பு, உறவினர் | உடனே | உறவில் மனத்தாங்கல் | சேமிப்பு | சொந்தப் பங்கு |
| நகைக்கடன் | அதே நாள் | மாற்றி வைத்து வட்டி மட்டும் கட்டுவது | நகை | சில மாதத்தில் திரும்பும் சரக்கு |
| முத்ரா | சில வாரங்கள், மேலும் ஆகலாம் | அலைச்சல் | சிபில் மதிப்பெண் | சிறிய மெஷின், கடை, சுழலும் பணம் |
| மானியக் கடன் | மாதங்கள் | காத்திருப்பு, மூன்று ஆண்டுப் பூட்டு | மானியமும் சிபிலும் | புதிய மெஷின், புதிய தொழில் |
| சீட்டு | ஏலத்தைப் பொறுத்து | தள்ளுபடி, கமிஷன் | ஜாமீன் தந்தவரின் நம்பிக்கை | விரிவாக்கத்துக்குச் சேமிப்பு |
| தண்டல் | அதே நாள் | 120 சதவீத வட்டி | நிம்மதி | எங்கும் இல்லை |

## யாருக்கு எது

செக்குப் பெண்ணுக்கு என் பரிந்துரை: முதலில் எதையும் வாங்காமல், பதிவு எதுவும் செய்யாமல் பி.எம்.இ.ஜி.பி.க்கு விண்ணப்பிக்கட்டும். சரக்குக்கான இரண்டரை லட்சத்தையும் திட்ட மதிப்பீட்டில் காட்டட்டும். காத்திருக்கும் மாதங்களில் வேறொருவர் செக்கில் கூலிக்கு ஆட்டி, பத்து வீடுகளுக்கு விற்றுப் பார்க்கட்டும். எந்த எண்ணெய் போகிறது, எந்த விலையில் போகிறது என்பது கடன் வருவதற்குள் தெரிந்துவிடும். நகை வீட்டிலேயே இருக்கட்டும். அடுத்த அறுவடைக்குத் தேவைப்பட்டால் பார்க்கலாம்.

மொத்தமே 2, 3 லட்சத்தில் முடியும் தையல் கடையோ மாவுக் கடையோ என்றால் முத்ரா போதும். பழைய மெஷின் நல்ல விலைக்கு வருகிறது, ஆர்டரும் கையில் இருக்கிறது என்றாலும் முத்ராதான். மானியத்துக்காகக் காத்திருந்து ஆர்டரை இழப்பது நட்டம். முத்ராவில் தொடங்கியவருக்கு மானியக் கதவு ஒரேயடியாக மூடிவிடுவதும் இல்லை. கடனை ஒழுங்காகக் கட்டி, மூன்று ஆண்டு லாபம் காட்டினால் பி.எம்.இ.ஜி.பி.யின் விரிவாக்கக் கடனில் உற்பத்திக்கு ஒரு கோடி வரையும், 15 சதவீத மானியமும் கேட்கலாம். நகையிலும் தண்டலிலும் தொடங்கி நடத்தியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அதற்கான தயாரிப்பை முதல் நாளே தொடங்க வேண்டும். தொழிலுக்கென்று நடப்புக் கணக்கு ஒன்று திறந்து, விற்பனைப் பணம் முழுவதையும் அதிலேயே போடுங்கள். ஜிபேயில் வருவதும் அந்தக் கணக்குக்கே வரட்டும். கடன் ஒப்புதல் ஆனதும், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவாகிய உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. வருமானம் வரி வரம்புக்குள் இருந்தாலும் ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யுங்கள். இரண்டாம் ஆண்டு ஓவர்டிராஃப்ட் வரம்பை உயர்த்தக் கேட்டுப் போகும்போது, மேலாளர் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தக் கணக்கின் பன்னிரண்டு மாத வரவைத்தான்.